உறுப்பு மாறிய பொருளின் வயது: பழைய தூசுறிஞ்சிகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருளின் வயது யாது என வினவுவது எளியதொரு வினாவாகவே தோன்றுகின்றது. அது ஆக்கப்பெற்ற ஆண்டை அறிந்து, நிகழும் ஆண்டிலிருந்து கழித்தால் விடை கிடைத்துவிடும் என்பது பொதுவான எண்ணம். மட்பாண்டம், கற்சிலை போன்றவற்றைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஓரளவு பொருந்தும். அவை ஆக்கப்பெற்ற நாளிற் கொண்டிருந்த பொருண்மையையே சிதையும் நாள்வரை கொண்டிருக்கின்றன. ஆயின், பல உறுப்புகள் கூடியமைந்த பொறியொன்றின் நிலை வேறு. அதன் ஓர் உறுப்பு தேய்கின்றது; மற்றோர் உறுப்பு முறிகின்றது; வேறோர் உறுப்பு காணாமற் போகின்றது. அவ்விடங்களைப் புதிய உறுப்புகள் நிரப்புகின்றன. நாற்பது ஆண்டுகள் உழைத்த பொறியொன்றில் அதன் முதல் நாளைச் சேர்ந்த உறுப்புகள் எத்தனை எஞ்சியுள்ளன எனச் சொல்வது அரிது. அத்தகைய பொறியின் வயது யாது? அது இன்னும் அதே பொறிதானா? அதனைத் தொடர்ந்து உழைக்கச் செய்யவேண்டிய கடமை எவருக்கேனும் உண்டா? இம்மூன்று வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதலாவது வரலாற்றையும், இரண்டாவது மெய்யியலையும், மூன்றாவது அறவியலையும் சார்ந்தன.

மெய்யியலாளர் இத்தகைய வினாக்களை ஆராய்தற்குக் கப்பலையும் தேரையும் எடுத்துக்காட்டாகக் கொண்டனர். அவை பெருமைக்குரிய பொருள்கள். வீரன் ஏறிவந்த கப்பலும் வேந்தன் ஊர்ந்துவந்த தேரும் பேணப்படவேண்டியவை என்ற உணர்வு, ஆராய்ச்சி தொடங்குமுன்னரே உள்ளத்தில் இடம்பெற்றுவிடுகின்றது. எனவே, அத்தகைய மதிப்பு முன்கூட்டியே ஏற்றப்படாத ஒரு பொருளைக் கொண்டு இவ்வினாக்களை அணுகுவது பயனுடையது. கம்பளம் விரித்த மேலைத்தேய இல்லங்களிற் படிக்கட்டின் கீழே ஒதுக்கி வைக்கப்படும் தூசுறிஞ்சி, அதாவது வக்கூம் கிளீனர் என வழங்கும் பொறி, அத்தகையது. அதனை எவரும் போற்றிப் பாடியதில்லை. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் பிரித்தானியாவிலும் பழைய தூசுறிஞ்சிகளின் காலத்தைக் கணித்து, அவற்றுக்குரிய உறுப்புகளைத் தேடிப் பொருத்தி, மீண்டும் உழைக்கச் செய்வோர் உளர். அவர்தம் கைவேலையில் எழும் சிக்கல்கள், மெய்யியல் வகுப்பறையில் எழும் சிக்கல்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவையல்ல.

காலங் கணித்தல்

தூசை உறிஞ்சி அகற்றும் பொறிக்கு 1901ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியியலாளரான ஹியூபேட் செசில் பூத் ஆக்கவுரிமை பெற்றார். அவரது பொறி பெற்றோல் இயந்திரத்தால் இயங்கியது. குதிரை வண்டியில் ஏற்றி வீதியில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சாளரத்தின் வழியே உட்செலுத்தவேண்டிய அளவுக்குப் பெரியது. ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவை முன்னிட்டு 1902இல் வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்துக் கம்பளங்கள் அப்பொறியாலேயே துப்புரவாக்கப்பட்டன. இல்லத்தில் ஒருவர் தனித்துக் கையாளத்தக்க மின்பொறியை அமைத்தவர், ஒஹையோ மாநிலத்தின் கன்ரன் நகரிற் கடையொன்றைத் துப்புரவு செய்யும் பணியிலிருந்த ஜேம்ஸ் மறே ஸ்பாங்ளர் ஆவார். இழைப்பு நோயாளியான அவருக்குக் கூட்டும்போது எழுந்த தூசு பெருந்துன்பம் விளைத்தது. மின்விசிறியின் மோட்டர், விளக்குமாற்றுப் பிடி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து அவர் தமது பொறியை அமைத்தார். 1908ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அதற்கு ஆக்கவுரிமை கிடைத்தது. தோற்பொருள் உற்பத்தியாளரான வில்லியம் ஹென்றி ஹூவர் அவ்வுரிமையை வாங்கி, அதே ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கினார். பிற்காலத்திற் பிரித்தானிய ஆங்கிலத்தில் ஹூவர் என்னும் பெயர் இவ்வகைப் பொறிகளுக்கெல்லாம் பொதுப்பெயராகவும், அவற்றாற் துப்புரவு செய்தலைக் குறிக்கும் வினைச்சொல்லாகவும் ஆயிற்று. சுவீடனின் இலெக்ட்ரோலக்ஸ், அமெரிக்காவின் கேர்பி என்பனவும் இத்துறையிற் பெயர்பெற்றவை.

இவ்வாறு நூற்றாண்டுக்கும் மேலாக உற்பத்தியாகி வந்துள்ள பொறிகளுள் ஒன்று கையிற் கிடைக்குமாயின், அதன் காலத்தை அறிவது எவ்வாறு? அதன் அடிப்பாகத்தில் அல்லது பின்புறத்திற் பொருத்தப்பட்ட விபரத் தகடே முதற் சான்றாகும். மாதிரியின் பெயர், தொடரிலக்கம், வோற்றளவு, ஆக்கவுரிமை எண்கள், தொழிற்சாலையின் முகவரி ஆகியன அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். ஆக்கப்பட்ட ஆண்டு வெளிப்படையாக இருப்பது அரிது. பெரும்பாலும் அது தொடரிலக்கத்தினுள் மறைகுறியாக அடங்கியிருக்கும்; அக்குறியின் திறவுகோல் தொழிற்சாலைக்கு மாத்திரமே தெரிந்ததாயிருக்கும். எனவே ஏனைய சான்றுகளின் துணை வேண்டப்படுகின்றது.

அமெரிக்க ஆக்கவுரிமை எண்கள் தொடர்ச்சியானவை. பத்திலட்சமாவது எண் 1911இலும், இருபதிலட்சமாவது எண் 1935இலும், முப்பதிலட்சமாவது எண் 1961இலும் வழங்கப்பட்டன. ஆகவே, தகட்டில் இருபதிலட்சத்தை மீறிய எண்ணொன்று காணப்படுமாயின் அத்தகடு 1935க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. முகவரியில் ஐந்திலக்க அஞ்சற் குறியீடு காணப்படுமாயின் அது 1963க்குப் பிற்பட்டது. அவ்வாண்டிலேயே அக்குறியீடு அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் மின்வழங்கலின் வோற்றளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. சில இடங்களில் நேரோட்டமே வழங்கப்பட்டது. அதனாற் பழைய பொறியின் தகட்டிற் காணப்படும் வோற்றளவு அது விற்கப்பட்ட காலத்தையும் இடத்தையும் உணர்த்தக்கூடும். சதுர முனைகள் மூன்றுடைய பிரித்தானிய மின்செருகிக்கான நியமம் 1947இல் உருவானது. மின்வடத்தினுட் கம்பிகளின் சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்கள் 1970ஆம் ஆண்டளவிற் கபிலம், நீலம், பச்சை-மஞ்சள் என மாற்றப்பட்டன. உருவமும் ஒரு சான்றே. ஹென்றி டிறைபஸ் வடிவமைத்த ஹூவர் 150 மாதிரி 1936இலும், லூரெல் கில்ட் வடிவமைத்த இலெக்ட்ரோலக்ஸ் முப்பதாம் மாதிரி 1937இலும் வெளிவந்தன. ஆயின், ஒரே உருவம் பல ஆண்டுகள் தொடர்ந்து உற்பத்தி செய்யப்படுமாதலால், உருவம் காலத்தின் தொடக்க எல்லையைக் காட்டுமேயன்றிக் குறித்த ஆண்டைக் காட்டாது.

இலக்கிய வரலாறு பயில்வோர்க்கு இம்முறை புதியதன்று. பழைய நூலொன்றின் காலத்தைத் துணிய அகச்சான்றும் புறச்சான்றும் கொள்ளப்படுகின்றன. நூலிற் காணப்படும் ஒரு சொல்லோ செய்தியோ இன்ன காலத்துக்கு முன் வழக்கிலில்லை எனத் தெரியின், அந்நூல் அக்காலத்துக்குப் பிற்பட்டது எனக் கொள்ளப்படுகின்றது. அவ்வாறு கொள்ளுமுன், அப்பகுதி இடைச்செருகலாக இருக்கக்கூடுமோ என்பதும் ஆராயப்படுகின்றது. தூசுறிஞ்சியின் காலத்தைக் கணிப்போரும் இதே எச்சரிக்கையைக் கைக்கொள்ளவேண்டியவராவர். 1936ஆம் ஆண்டின் உடலமைப்பைக் கொண்ட பொறியொன்றிற் கபில நிறமும் நீல நிறமும் கொண்ட மின்வடம் காணப்படுமாயின், பொறி 1970க்குப் பிற்பட்டது எனத் துணிவது தவறு, வடமே பிற்பட்டது. செருகி வேறொரு காலத்தையும், பை வேறொரு காலத்தையும், சில்லு வேறொரு காலத்தையும் சேர்ந்திருத்தல் கூடும். ஆக, ஒவ்வொரு சான்றும் தான் தங்கியிருக்கும் உறுப்பின் வயதையே கூறுகின்றது. பொறியின் வயதைக் கூற வல்லது எது? விபரத் தகடு எனின், அத்தகடும் கழற்றி மாட்டத்தக்கதோர் உறுப்பே. காலங் கணித்தல் என்னும் வரலாற்றுச் சிக்கல் இவ்விடத்தில் மெய்யியற் சிக்கலாக உருமாறுகின்றது.

முதலும் சினையும்

கிரேக்க வீரனான தீசியஸ் ஏறிவந்த கப்பலை அதென்ஸ் நகரத்தார் பேணிவந்தனர் என்றும், உளுத்த பலகைகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்தி வந்தமையால் அது பழைய கப்பல்தானா என்ற வாதம் மெய்யியலாளரிடையே எழுந்தது என்றும் புளூட்டாக் கூறுகின்றார். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய மெய்யியலாளரான தோமஸ் ஹொப்ஸ் இதனோடு மற்றொரு சிக்கலையும் சேர்த்தார். அகற்றப்பட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அவற்றைக் கொண்டே மீண்டும் ஒரு கப்பலைக் கட்டுவானாயின், இரண்டனுள் எது தீசியஸின் கப்பல் என்பதே அவர் எழுப்பிய வினா. மிலிந்த பஞ்ஹ என்னும் பாளி நூலில் நாகசேன தேரர் மன்னன் மிலிந்தனை நோக்கி, அச்சு, சில்லு, நுகம் என்பனவற்றுள் எது தேர் என வினவி, அவற்றுள் எதுவும் தேரன்று, அவை கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என நிறுவுகின்றார். இதற்கு நேர்மாறாக, அவயவங்களின் வேறாக அவயவி என்பதொன்று உண்டு என்பது நியாய வைசேடிகரின் கொள்கை. உறுப்பொன்று நீங்கினாற் பழைய அவயவி அழிந்து புதிய அவயவி தோன்றும் எனவும் அவர் கூறுவர். அவர்தம் கொள்கைப்படி, றப்பர் வார் மாற்றப்பட்ட மறுகணமே பழைய தூசுறிஞ்சி மறைந்து புதியதொன்று பிறந்துவிடுகின்றது. தருக்கத்தளவில் இது பொருத்தமாயினும், மாதந்தோறும் புதிய பொறியை உடையவராகத் தம்மை எவரும் கருதுவதில்லை.

இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட வழியொன்றைத் தமிழிலக்கணம் காட்டுகின்றது. முழுமையை முதல் என்றும், அதன் உறுப்பைச் சினை என்றும் இலக்கண நூலார் வழங்கினர். ஆறாம் வேற்றுமைக்குரிய கிழமைப் பொருளை அவர் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுத்தனர். சாத்தனது கை என்பது தற்கிழமை. கை சாத்தனின் வேறன்று. சாத்தனது ஆடை என்பது பிறிதின்கிழமை. ஆடை மாறினாலும் சாத்தன் மாறுவதில்லை. இப்பாகுபாட்டைப் பொறியின்மீது ஏற்றி நோக்கின் சில தெளிவுகள் பிறக்கின்றன. கடதாசிப் பை, றப்பர் வார், மோட்டரின் காபன் தூரிகை என்பன தேய்வதற்கென்றே அமைந்தவை. அவை மாற்றப்படும் என்ற எண்ணத்துடனேயே ஆக்கியோன் பொறியை வடிவமைக்கின்றான். அவற்றுக்கும் பொறிக்கும் உள்ள தொடர்பு ஆடைக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பாகும். மாறாக, மோட்டரைத் தாங்கும் உலோகவுடல், காற்று செல்லும் அறை, கம்பளத்தைத் தொடும் வாய் என்பன அப்பொறியின் தனித்தன்மையை அமைப்பவை. அவற்றின் கிழமை தற்கிழமை.

எனினும் இவ்வெல்லை எப்போதும் தெளிவாக அமைவதில்லை. 1926இல் வெளிவந்த ஹூவர் 700 மாதிரியின் சிறப்பு, சுழலும் உருளையிற் பொருத்திய உலோகத் தண்டுகள் கம்பளத்தை அதிரச்செய்து, ஆழப் படிந்த மண்ணை மேலெழச் செய்தமையாகும். அவ்வுருளை தேயும் உறுப்பே. ஆயினும், அதனை அகற்றி வெறும் தூரிகையை இட்டால் அப்பொறியை 700 மாதிரி ஆக்கிய பண்பே இழக்கப்படுகின்றது. இதனால் தற்கிழமை என்பது உறுப்பின் பருமனையோ விலையையோ பொறுத்ததன்று என்பதும், பொறியின் பயனுக்கும் அமைப்புக்கும் அவ்வுறுப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பொறுத்தது என்பதும் பெறப்படும். பொருளின் தொடர்ச்சி அதன் பயனின் தொடர்ச்சியோடு பிணைந்தது என்ற முடிவுக்கு இது இட்டுச் செல்கின்றது.

வயது பற்றிய எண்ணமும் இவ்விடத்தில் திருத்தம் பெறுகின்றது. பழைய றப்பர் வார் ஒன்று நாற்பது ஆண்டுகளாகப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கப்படாமல் இருந்திருக்கலாம். விற்போர் அதனைப் புதியது என்பர். அது பயன்படுத்தப்படாதது என்பதும் மெய்யே. ஆயினும், காற்றிலுள்ள ஒட்சிசனின் தாக்கத்தால் அது இறுகி வெடித்திருக்கும். பொருத்திய அன்றே அறுந்துவிடும். உழைக்காத உறுப்பும் மூப்படைகின்றது. மறுபுறம், ஐம்பது ஆண்டுகள் உழைத்த வார்ப்பு அலுமினிய உடல் சிறிதளவே தேய்ந்திருக்கும். ஆகவே ஆண்டுக்கணக்கு ஒன்று, உழைப்பின் கணக்கு மற்றொன்று, பொருண்மையின் தளர்ச்சி வேறொன்று. ஒரே எண்ணால் இம்மூன்றையும் கூறிவிட இயலாது.

உறுப்புத் தேடலில் எழும் அறத் தெரிவுகள்

காலத்தை அறிய வேண்டிய தேவை பெரும்பாலும் உறுப்பைத் தேடுவதற்காகவே எழுகின்றது. எந்த ஆண்டின் எந்த மாதிரி என்பது தெரியாவிடின் எந்த வார் பொருந்தும், எந்தப் பை பொருந்தும் என்பது தெரியாது. ஆயின், எல்லா உறுப்புகளும் ஒரேயளவு அரியனவல்ல. மோட்டரின் உருள்குண்டுப் பெயாரிங்குகள் பெரும்பாலும் பொதுநியம அளவினவாக இருப்பதால் எழுபது ஆண்டுகள் கழிந்தும் கடையிற் கிடைக்கின்றன. காபன் தூரிகையைச் சற்றுப் பெரியதொன்றிலிருந்து அராவி அமைத்துக்கொள்ளலாம், துணிப்பையைத் தைத்துக்கொள்ளலாம், மோட்டரின் கம்பிச் சுற்றை மீளச் சுற்றலாம். கிடைத்தற்கரியவை ஆக்கியோன் தனக்கேயுரிய அச்சில் வார்த்தெடுத்த மூடி, வாய்த்தகடு, சில்லு முதலியனவே. பேக்கலைற்று மூடி வெடித்தால் அதனை உருக்கி மீள வார்த்தல் இயலாது. ஒருமுறை சூட்டில் இறுகிய அப்பொருள் மீண்டும் இளகுவதில்லை. இவ்வாறான உறுப்புக்கு ஒரே வழி, அதே மாதிரியைச் சேர்ந்த மற்றொரு பொறியிலிருந்து அதனை எடுத்துக்கொள்வதாகும்.

ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கலைத்தல் என்னும் இச்செயலில் முதலாவது அறச் சிக்கல் தோன்றுகின்றது. கலைக்கப்படும் பொறி எது? பெருந்தொகையில் உற்பத்தியான மாதிரியின் உடைந்த பொறியொன்றைக் கலைப்பதில் இழப்புச் சிறிது. எஞ்சியவை மிகச் சிலவாகவுள்ள மாதிரியொன்றை, அதன் காலமும் வகையும் அறியாமல் உறுப்புக்காகக் கலைத்துவிடுவது மீட்கவியலாத இழப்பு. அறியாமை இங்கே மன்னிக்கத்தக்க காரணமாகாது. அறிவதற்கான தகடு கையிலேயே உள்ளது. ஆகவே, கலைக்குமுன் காலத்தை அறிதல் ஆர்வலரின் பொழுதுபோக்கன்று. அஃது ஒரு கடமையாகும்.

இரண்டாவது சிக்கல், உண்மைத்தன்மைக்கும் உயிர்ப் பாதுகாப்புக்கும் இடைப்பட்டது. 1930களின் பொறியொன்றின் மின்வடம் துணி சுற்றிய றப்பர்க் காவலியைக் கொண்டது. அந்த றப்பர் உதிர்ந்து கம்பி வெளிப்படுமாயின், புவித்தொடுப்பற்ற உலோகவுடலைத் தொடுவோரின் உயிருக்கு ஆபத்து நேரும். வடத்தை மாற்றினாற் காலத்தைக் காட்டும் சான்றொன்று அழிகின்றது. மாற்றாவிடின் மனிதர் அழியக்கூடும். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்தல் தகாது. உழைக்கும் பொறியாயின் வடம் மாற்றப்படவேண்டும். பழைய வடத்தை அகற்றிய ஆண்டைக் குறித்து அதனைப் பொறியோடு சேர்த்துவைத்தால் வரலாறும் காக்கப்படும்.

துணிப்பையின் கதையும் இத்தகையதே. பழைய துணிப்பை பெருந்தூசைத் தடுத்து, நுண்டூசைக் காற்றிற் கலக்கவிடுவது. மூலத்தன்மையைப் பேணும் ஆர்வத்தால் அதனையே பயன்படுத்துவோர், இழைப்பு நோயாளி ஒருவர் வாழும் இல்லத்திற்கு எதனைத் திருப்பித் தருகின்றனர் என்பதைச் சிந்தித்தல் வேண்டும். ஸ்பாங்ளர் தமது பொறியை அமைத்தது தூசிலிருந்து தம் மூச்சைக் காத்துக்கொள்வதற்காகவே. துணிப்பையினுள்ளே இக்காலத்துக் கடதாசிப் பையொன்றை இடுபவர் பொறியின் பொருண்மைக்குச் சிறிது மாறுபட்டாலும், அது தோன்றிய நோக்கத்துக்கு உண்மையாக நடந்துகொள்கின்றார். பொருளுக்கு உண்மையாயிருத்தல் என்பது அதன் பயனுக்கு உண்மையாயிருத்தலையும் உள்ளடக்கும்.

மூன்றாவது சிக்கல் வாய்மை பற்றியது. மூன்று பொறிகளின் உறுப்புகளைக் கூட்டி ஒன்றாக்கி, அவற்றுட் பழையதன் தகட்டை மாட்டி, இது 1926ஆம் ஆண்டின் பொறி என விற்பவர் உரைப்பது பொய்யா? ஒவ்வோர் உறுப்பும் உண்மையானது, தகடும் உண்மையானது, கூற்று மாத்திரம் பொய். வாங்குவோர் அறிந்தால் வேறுவகையில் முடிவு செய்யக்கூடிய செய்தியை மறைத்தலே இங்குள்ள குற்றம். உறுப்புகளை மாற்றுவதிற் குற்றமில்லை. மாற்றியதைச் சொல்லாமையிலேயே குற்றமுண்டு. எனவே உறுப்பு மாறிய பொருளின் வயது யாது என்ற வினாவுக்குத் தகுந்த விடை ஓர் எண்ணாக அமையாது. ஒரு வரலாறாகவே அமையும். உடல் இன்ன ஆண்டு, மோட்டர் இன்ன ஆண்டிற் சுற்றப்பட்டது, வடம் இன்ன ஆண்டில் மாற்றப்பட்டது எனக் கூறுவதே நேர்மையான விடையாகும்.

ஆக்கியோனின் கடமை

இதுவரை கூறப்பட்டவை உடையவனையும் திருத்துவோனையும் பற்றியவை. ஆக்கியோனுக்கும் கடமை உண்டா என்பதே எஞ்சியுள்ள வினா. பொறியொன்று தேய்ந்து ஒழிவது இயற்கை. ஆயின், தேயாத பொறி தேய்ந்த ஒரு சிறு உறுப்பு கிடையாமையால் ஒழிவது இயற்கையன்று. அது மனிதரின் தீர்மானம் ஒன்றின் விளைவு. இருபதாம் நூற்றாண்டின் வணிக வரலாற்றில் இத்தகைய தீர்மானங்கள் வெளிப்படையாகவே எடுக்கப்பட்டன. 1924இல் ஜெனீவாவில் ஒன்றுகூடிய மின்குமிழ் உற்பத்தியாளரின் பீபஸ் கூட்டமைப்பு, குமிழின் வாழ்நாளை ஆயிரம் மணித்தியாலங்களாகக் குறுக்கியது. 1932இற் பேர்னாட் லண்டன் என்பவர், பொருளாதார மந்தத்தை நீக்கும் வழியாகப் பண்டங்களுக்குச் சட்டப்படியே வாழ்நாளெல்லை விதிக்கவேண்டும் எனச் சிறுநூலொன்றில் எழுதினார். 1960இல் வான்ஸ் பக்காட், திட்டமிட்ட வழக்கொழிப்பு அமெரிக்க வாழ்வை எவ்வாறு ஊடுருவியுள்ளது என்பதை விரிவாகக் கண்டித்தார்.

இதற்கு எதிராக ஆக்கியோன் தரப்பில் நியாயங்கள் கூறப்படலாம். எல்லா மாதிரிகளின் உறுப்புகளையும் என்றென்றும் சேமித்து வைத்தல் இயலாது. அச்செலவு இறுதியிற் புதிய பொறியை வாங்குவோர் தலையிலேயே விழும். புதிய பொறிகள் நுண்டூசைச் சிறப்பாகத் தடுக்கின்றன, மின்காவலிற் பாதுகாப்பானவை. மேலும், ஆக்கியோன் என்பவன் யாவன்? ஹூவர் என்னும் பெயரையே எடுத்துக்கொண்டால், அதன் ஐரோப்பிய வணிகம் 1995இல் இத்தாலியின் கன்டி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2019இற் கன்டி நிறுவனம் சீனாவின் ஹயர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அமெரிக்க வணிகமோ 2007இல் ஹொங்கொங்கைச் சேர்ந்த ரெக்ரோனிக் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஒரே பெயர் இரு வேறு உடைமையாளரிடம் வாழ்கின்றது. ஹொப்ஸ் கற்பனை செய்த இரு கப்பல்களும் வணிக உலகில் உண்மையாகவே மிதக்கின்றன. 1936ஆம் ஆண்டின் பொறிக்குரிய கடமையை இவர்களுள் எவர் ஏற்பது?

இந்நியாயங்களுள் வலுவுடையவற்றை மறுத்தல் முறையன்று. எல்லையற்ற கடமையை எவர்மீதும் சுமத்துதல் தகாது. பாதுகாப்பற்ற பொறியை ஓய்வுபெறச் செய்தலும் அறமே. ஆனால், பெயர் கைமாறியதைக் காரணங்காட்டிக் கடமையை முற்றாக உதறுதல் பொருந்தாது. பழைய பெயரின் புகழைத் தன் விற்பனைக்கு முதலாகக் கொள்வோன், அப்பெயரோடு வந்த கடனின் ஒரு பகுதியையும் ஏற்கவேண்டியவனாகின்றான். அக்கடன் பெரிதன்று. ஆக்கிய ஆண்டை மறைகுறியின்றித் தகட்டிற் பொறித்தல். இயன்றவிடங்களிற் பொதுநியம அளவுகளைக் கையாளல். தானே உறுப்பை வழங்க இயலாத காலத்தில் வேறெவரும் அதனைச் செய்வதைத் தடுக்காமை ஆகிய மூன்றும் ஆக்கியோனின் குறைந்தபட்சக் கடமைகள் எனலாம். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவை வேண்டுவதன்று. பழைய பொறிகள் எங்கே பிழைத்திருக்கின்றன என நோக்கின், ஆக்கியோன் தன் தனியுரிமையைக் குறைவாக வலியுறுத்திய இடங்களிலேயே அவை பிழைத்திருக்கின்றன. பொதுநியமப் பெயாரிங்கைத் தெரிந்த அக்காலப் பொறியியலாளர், தாம் ஒருபோதும் காணப்போகாத ஒருவருக்கு உதவி செய்தவராகின்றார்.

அரசுகளும் இக்கடமையை மெல்ல ஏற்கச் செய்து வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் தூசுறிஞ்சிகளின் உள்ளிடு வலுவை 2014 செப்ரெம்பரில் 1,600 உவாற்றுக்கும், 2017 செப்ரெம்பரில் 900 உவாற்றுக்கும் குறைவாக வரையறுத்தது. 2017ஆம் ஆண்டின் விதி, மோட்டர் குறைந்தது 500 மணித்தியாலங்கள் உழைக்கவேண்டும் என்றும், குழாய் 40,000 முறை வளைந்தும் பயன்படத்தக்கதாக இருக்கவேண்டும் என்றும் கோரியது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் எனக் கொண்டால் 500 மணித்தியாலங்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகளாகும். 2024இல் நிறைவேறிய திருத்தும் உரிமை பற்றிய பணிப்புரையின் பட்டியலிலும் தூசுறிஞ்சி இடம்பெற்றுள்ளது. உறுப்பு நாடுகள் 2026 யூலை 31 முதற் செயற்படுத்துமாறு விதித்த அப்பணிப்புரை, பழைய உறுப்பையோ பிறர் ஆக்கிய உறுப்பையோ பயன்படுத்தித் திருத்துவதை நியாயமான காரணமின்றித் தடுத்தலாகாது என்கின்றது. ஆயின் சட்டம் இனிவரும் பொறிகளையே பெரிதும் நோக்குவது. முன்னரே ஆக்கப்பட்டவை உடையோரினதும் திருத்துவோரினதும் மனச்சான்றை நம்பியே வாழவேண்டியுள்ளன.

முடிவுரை

குயவன் மண்ணையும் திகிரியையும் கொண்டு குடத்தை வனைகின்றான். குடம் வனைந்து முடிந்ததும் குயவனின் தொழில் முடிகின்றது. மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் எனச் சைவசித்தாந்த நூலார் விளக்குவர். பல உறுப்புகளாலான பொறியின் ஆக்கமோ தொழிற்சாலையோடு முடிவதில்லை. வாரை மாற்றுபவரும், சுற்றை மீளச் சுற்றுபவரும், வடத்தைப் புதுப்பிப்பவரும் அதன் நிமித்தகாரணத்திற் பங்குகொள்கின்றனர். அவர் ஒவ்வொருவரும் அதே பொறியைத் தொடர்ந்து ஆக்கிக்கொண்டிருக்கின்றனர் எனின் அது மிகையன்று.

இந்நோக்கில், உறுப்பு மாறிய பொறி அதே பொறிதானா என்ற வினாவுக்கும் ஓரளவு விடை கிடைக்கின்றது. பயன் தொடர்ந்து, தற்கிழமையான உறுப்புகள் எஞ்சியிருந்து, மாற்றங்கள் மறைக்கப்படாதிருக்குமாயின் அது அதே பொறியே. இம்மூன்றனுள் முதலிரண்டும் பொருளைச் சார்ந்தவை. மூன்றாவது மனிதரைச் சார்ந்தது. நாகசேனர் கூறியவாறு தேர் என்பது வெறும் பெயரே எனினும், அப்பெயரை நேர்மையாக வழங்குவதும் பொய்யாக வழங்குவதும் ஒன்றல்ல. ஒரு சாதாரண வீட்டுப் பொறியின் அடியிலுள்ள தகட்டைத் துடைத்து, அதிலுள்ள எண்களை ஊன்றி வாசிக்கும் ஒருவர், அதனை ஆக்கிய தொழிலாளரையும், அதனைக் கொண்டு இல்லத்தைத் துப்புரவாக்கிய கைகளையும், இனி அதனைக் கையாளப் போகின்றவரையும் ஒருங்கே கருத்திற் கொள்கின்றார். பொருளின்பாற் கடமை என ஒன்று உண்டாயின், அது இம்மூவர்பாலுள்ள கடமையே எனத் துணியலாம்.